இரைந்து சொன்ன பாதி

விழுப்புரத்திலிருந்து டிரங்க் கால் வந்தபோது கோவிந்தராஜ் செட்டியாரின் மண்டியில் மல்லாட்டைக் கடலை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வல்லத்திலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள், தரகர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று நிற்க இடமில்லை. டாக்டர் அரிகிருஷ்ணனின் ஆஸ்பத்திரிக்குப் போன் கிடையாது. வெளியூரில் பார்க்கிற பரிசோதனை முடிவுகளை மண்டிப் போனில் கேட்டு டாக்டரிடம் போய்ச் சொல்வது செட்டியார் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

லைன் கரகரத்தது. கேட்டதைத் திருப்பிக் கத்திச் சொன்னால்தான் அந்தப் பக்கம் சரி என்பார்கள்.

"யாரு, உத்திராபதியா? நம்ம டீக்கடை உத்திராபதியா? இன்னாது, குஷ்டமா? குஷ்டம்தானே சொன்னீங்க?"

மண்டி அடங்கிப்போனது. எல்லாத் தலைகளும் எதிர்ச்சாரி டீக்கடைக்குத் திரும்பின. செட்டியாருக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். ஆரம்பநிலைதான், தொத்தாத வகை, மாத்திரையில் சரியாகிவிடும் என்றது அந்தப் பக்கத்துக் குரல். அதையும் திருப்பிச் சொல்லச் சொன்னது. சொன்னார், சுவருக்கு மட்டும் கேட்கும்படி.

திரும்பிப் பார்த்தபோது மூட்டை தூக்கும் தாண்டவராயன், பாதி குடித்த டீயைத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தான்.

"அது தொத்தாதாம்பா. அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் செட்டியார்.

"அத்த மட்டும் ஏன் சாமி குசுகுசுன்னு சொன்ன?" என்றான் அவன். "தொத்தாதுன்னா நீயே போயி ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வாயேன்."

யாரோ சிரித்தார்கள். செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். டீக்கடை பெஞ்சு காலியாகியிருந்தது.

"ஒரு டீ போடு உத்திராபதி."

உத்திராபதி நிமிரவில்லை. கிளாஸை வெந்நீரில் ஒருமுறை கழுவினான். மறுபடியும் கழுவினான்.

"டாக்டரு தனியாக் கூப்ட்டுச் சொல்றேன்னாரு, செட்டியாரே" என்றான்.

"மாத்திரையில சரியாப் போயிடுமாம்ப்பா."

"ம்."

டீயை ஆற்றிப் பலகைமேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மண்டி வாசலில் கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. செட்டியார் கிளாஸை எடுத்தார். தொத்தாது என்று தன் காதால் கேட்டவர் அவர் ஒருவர்தான். உதடுவரை கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது.

உத்திராபதி அதைப் பார்த்தான். பிறகு மெல்ல முதுகைக் காட்டித் திரும்பி, அடுப்பை ஊதத் தொடங்கினான். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. செட்டியார் குடிப்பதற்கோ கொட்டுவதற்கோ நேரம் கொடுப்பவனைப்போல அவன் ஊதிக்கொண்டே இருந்தான். கிளாஸில் ஆடை கட்டத் தொடங்கியது.