றெமிஜியஸின் துவக்கில் சத்தம் குறைந்த விதம்

பெருந்தொற்று ஓய்ந்து வந்த ஒக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு, கனடாவில் ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசை ஒன்றில் ஏழு பேருடைய கைகள் தாமாகத் தலைக்கு மேலே உயர்ந்து நாற்பது நிமிடம் அங்கேயே நின்றன. பதினொன்றாம் இலக்கத்துப் பேபி அன்ரி அப்போது இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். உரலும் கையோடு மேலே போனது, மா தலையில் விழுந்தது. பதினேழாம் இலக்கத்து ஜெயமலர் காருக்குள் இருந்தபடியால் கூரையில் இடித்து இரண்டு விரல்கள் வீங்கின. ஏழு பேரும் யாழ்ப்பாணத்தை வளர்ந்த பிறகு விட்டு வந்தவர்கள், நாற்பத்தைந்துக்குக் கீழே ஒருவரும் இல்லை. கனடாவில் பிறந்த பிள்ளைகளின் கைகள் வழக்கம்போலத் தொலைபேசியிலேயே இருந்தன. குடும்ப வைத்தியர் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். சீனி, கொழுப்பு, விற்றமின் டி குறைவு என்று வந்தது. அது முந்தியும் அப்படித்தான் இருந்தது.

காரணம் தெரிந்தவர் பதின்மூன்றாம் இலக்கத்து றெமிஜியஸ் ஒருவர்தான். ஐம்பத்து மூன்று வயது, இருபத்திரண்டு வருடமாக ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் வார்ப்புக்கான இரும்பு அச்சுகளைச் செதுக்கும் பட்டறையில் வேலை. அங்கே கணினியில் படம் வரையும் கோயம்புத்தூர்க்காரர் வெங்கட் அவரை நகரத்துக்கு வெளியே ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். அங்கே ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை, கடதாசியில் ஓட்டை விழுவதைத் தவிர வேறு ஒன்றும் நடப்பதில்லை. அது றெமிஜியஸுக்குப் பிடித்துப்போனது. பாடம் படித்து, சோதனை எழுதி, அனுமதி எடுத்து, ஒரு இருபத்திரண்டு காலிபர் செமி ஓட்டோமற்றிக் துவக்கை வாங்கினார். கழகத்தில் எப்போதும் காதுமூடி போட்டிருந்தபடியால் அதன் உள்சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. அந்தச் சனிக்கிழமைதான் பேஸ்மன்ற்றில் வெறும் துவக்கைத் துடைத்து முடித்து, குழலைப் பின்பக்கம் அடைக்கும் இரும்பான போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் விட்டார். சடக் என்று மூடியது. மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போனபோது, உடுப்புக் கூடை கவிழ்ந்து கிடக்க, மனைவி செலீன் கைகளை உயர்த்தியபடி சுவரைப் பார்த்து நின்றாள். இறக்கிவிடப் பார்த்தார். தெருவிளக்குக் கம்பத்தை வளைப்பதுபோல இருந்தது. அப்போதுதான் தன்னுடைய கைகள் கீழேயே இருப்பதைக் கவனித்தார்.

ஆமி வைத்திருந்தாலும் அமைதிப்படை வைத்திருந்தாலும் இயக்கம் வைத்திருந்தாலும் துவக்கின் போல்ட் மூடும் சத்தம் ஒன்றுதான். அதைக் கேட்டு ஒருமுறை கையை உயர்த்தியவர்களுக்குக் கை அதை மறப்பதில்லை. றெமிஜியஸ் அந்தச் சத்தத்துக்குக் கையை உயர்த்தியவர் அல்லர், அதை உண்டாக்கியவர். பத்தொன்பது வயதில் ஒன்றரை வருடம் இயக்கத்தில் காவல் நின்றிருந்தார். செலீனுக்கு அந்தக் காலத்தை மன்னாரில் பெரியப்பாவோடு கடல் தொழிலுக்குப் போனதாகச் சொல்லித்தான் கலியாணம் நடந்தது. செலீனின் சித்தப்பாவை இயக்கம் ஒரு பின்னேரம் விசாரிக்கக் கூட்டிப்போனது. பிறகு ஆளும் வரவில்லை, உடுப்பும் வரவில்லை. உண்மை தெரிந்தால் செலீன் பெட்டியை அடுக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று றெமிஜியஸ் இருபத்தேழு வருடமாகப் பயந்தார். பயம் பழகிப்போய் இப்போது அவருக்கு அது வலிப்பதும் இல்லை.

துவக்கைத் தொடாமல் விட்டால் சரி என்று நினைத்தார். அடுத்த சனிக்கிழமை அது பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் கிடக்க, பத்தேகாலுக்குப் போல்ட் தானாகப் பின்னால் போய் முன்னால் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமைக்கு வெங்கட்டின் பெட்டியில் வைக்கக் கொடுத்தார். அன்றைக்கு வெங்கட்டின் மாடிக் கட்டடத்தில் இரண்டு கொக்குவில்காரருக்கு லிஃப்ற்றுக்குள் கை உயர்ந்தது. விற்றால் தன் வீட்டு வினையை இன்னொரு வீட்டில் இறக்கிவைப்பதாகத்தான் முடியும் என்று விளங்கியது. ஆகவே சத்தத்தைக் குறைப்பது என்று முடிவெடுத்தார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

இதற்கிடையில் அன்ரனெற் வந்துவிட்டார். கத்தோலிக்கப் பங்கின் செபக்குழுவை நடத்துபவர், காற்று வாங்கப் போனாலும் ஒரு அற்புதத்தோடு திரும்பி வருபவர். செலீனும் பேபி அன்ரியும் கைகளை உயர்த்தி நிற்பதைக் கண்டவுடன் முழங்காலில் விழுந்து, ஆவியானவர் இறங்கிவிட்டார் என்றார். அவரை யார் குற்றம் சொல்வது? செபக்குழுவில் மணிக்கணக்காகக் கத்தியும் சிலருக்கு முழங்கைக்கு மேல் கை போவதில்லை. இங்கே மணி அடித்ததுபோல எழும்புகிறது. துவக்கு வெங்கட்டிடமிருந்து திரும்பி வந்த நாலாம் கிழமை றெமிஜியஸின் வீட்டுக்கு நாற்பது பேர் வந்தார்கள். ஐந்தாம் கிழமை ஏஜக்ஸிலிருந்தும் பிரம்டனிலிருந்தும் வந்தார்கள். வாசலில் சப்பாத்துகளைத் தாண்டிப் பொதி கொண்டுவருபவர் வர முடியவில்லை. பத்தேகாலுக்கு அத்தனை கைகளும் ஒன்றாக உயரும், பாட்டு உயரும், சிலர் அழுவார்கள், எதற்கென்று சொல்லத் தெரியாமல் அழுவார்கள். செலீன் மட்டும் பாடவும் இல்லை, அழவும் இல்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள், கை இறங்கிய பிறகு. றெமிஜியஸின் கை ஒருநாளும் உயராததைக் கண்ட அன்ரனெற் எல்லோருக்கும் முன்னால் அவருடைய கல்நெஞ்சுக்காக விசேஷமாக மன்றாடினார். றெமிஜியஸ் நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கீழே அவர் சத்தத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார். போல்ட் பின்னால் போகும்போது உருக்கு ஊசி ஒன்றில் மோதி நிற்கும், பெரிய சத்தம் அதுதான். அந்த ஊசியை எடுத்துவிட்டு, றப்பர் போன்ற பொலியூரிதேன் ஊசியைப் போட்டார், கழகத்தில் பலரும் செய்கிற வேலை. அந்தச் சனிக்கிழமை கைகள் காது மட்டத்தோடு நின்றன. போல்ட்டின் கைப்பிடி உரசும் கம்பியை மினுக்கிக் கிறீஸ் பூசினார். கைகள் நெஞ்சுக்கு இறங்கின. துவக்குக் கட்டையின் உள்வெளியில் கம்பளித்துணி வைத்தார், சுருள்வில்லின் கீச்சை அடக்கினார். ஏதோ யாசிப்பவர்களைப்போலக் கைகள் இடுப்பருகில் நின்றன. மேலே செபக்குழுவில் குழப்பம் வந்தது. தவக்காலத்தில் யாரோ ஆட்டிறைச்சி றோல்ஸ் சாப்பிட்டதுதான் காரணம் என்று ஒரு கட்சி, கூட்டத்தை மண்டபத்துக்கு மாற்றாததுதான் காரணம் என்று இன்னொரு கட்சி. உயிர்த்த ஞாயிறு வந்தபோது சுண்டுவிரல் மட்டும்தான் துடித்தது. சுண்டுவிரலுக்காகப் பிரம்டனிலிருந்து யார் வருவார்கள்? வாசலில் றெமிஜியஸின் சப்பாத்தும் செலீனின் சப்பாத்தும் மட்டும் மிஞ்சின.

கடைசிச் சத்தத்தை எடுக்க முடியவில்லை. போல்ட்டின் முகம் குழலின் முகத்தைத் தொடும் சத்தம் அது. அந்த இடைவெளியில் ஒன்றும் வைக்கக்கூடாது, வைத்தால் சுடுபவனுடைய முகத்துக்கே ஆபத்து. தொட வேண்டியது தொட்டுத்தான் ஆகவேண்டும். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு, முதல் தடவையாகச் செலீன் பேஸ்மன்ற்றுக்கு இறங்கி வந்து, கவிழ்த்து வைத்த வாளியில் இருந்தாள். வீட்டைச் சூடாக்கும் காற்றுக் குழாய் வழியாக அவளுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, முதல் நாளிலிருந்தே.

"எல்லாருக்கும் எழும்பினது. உங்களுக்கு ஏன் எழும்பேல்ல?"

இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு அது சின்னக் கேள்வியாகத்தான் இருந்தது. றெமிஜியஸ் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு, பட்டறையில் அளவு சொல்வதைப்போலச் சொன்னார். மன்னாருக்குப் போகவில்லை என்றார். ஒரு உப்புக் களஞ்சியம், பதினாலு பேர், சுவரைப் பார்த்து நிற்கவைத்தது, பின்னேரம் நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் தன்னுடைய காவல். போல்ட்டை ஒருமுறை இழுத்து விட்டால் பதினாலு சோடிக் கையும் உயரும் என்று முதல்நாளே காட்டித் தந்திருந்தார்கள். இழுத்து விட்டார். ஒரு வேட்டும் வைக்கவில்லை. ஆறு மணிக்கு மாற வரவேண்டியவன் வரவில்லை. சாப்பாட்டு மணி கேட்டது, இவர் போய்விட்டார்.

"அதிலை எங்கட சித்தப்பா நிண்டவரோ?"

"முகம் பாக்கேல்ல. முதுகுதான்."

"கையை இறக்கச் சொன்னனீங்களோ?"

அவர் யோசித்தார். இறக்கச் சொல்லவில்லை. மறந்துபோனார். அடுத்த நாள் களஞ்சியம் வெறுமையாகக் கிடந்தது. அவர்கள் எப்போது கையை இறக்கினார்கள், இறக்கினார்களா என்று அதற்குப் பிறகு அவர் ஒருவரையும் கேட்கவில்லை. செலீன் தன்னுடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னை மறிச்ச ஆமிக்காரன் சொன்னவன். உடைஞ்ச தமிழிலை எண்டாலும், கையை இறக்கு எண்டு சொன்னவன்."

பத்தேகால் ஆனது. றெமிஜியஸ் பார்த்துக்கொண்டிருக்க மடியில் கிடந்த துவக்கின் போல்ட் தானாகப் பின்னால் போய், முன்னால் வந்து, குழலைத் தொட்டது. எடுக்க முடியாத அந்தக் கடைசிச் சத்தம்கூட இல்லை. செலீனின் சுண்டுவிரல் அசையவில்லை. அந்த அமைதியில் றெமிஜியஸின் இரண்டு கைகளும் மடியை விட்டு எழுந்து, காதைத் தாண்டி, பேஸ்மன்ற்றின் தாழ்ந்த கூரையில் முட்டி நின்றன. வலிக்கிறதா என்று செலீன் கேட்டாள். இல்லை என்றார். நாற்பது நிமிடம் இருவரும் காத்திருந்தார்கள், பிறகு இன்னொரு நாற்பது நிமிடம். பிறகு அவர், கொஞ்சம் வெட்கத்தோடு, இறக்கச் சொல்லும்படி அவளைக் கேட்டார்.

"அதை நான் சொல்லேலாது," என்றாள் செலீன். துவக்கை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கத் தனக்கு அனுமதி இல்லை என்பதால் வெங்கட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

மூன்று வருடமாகிறது. துவக்கு இப்போது வெங்கட்டின் பெயரில் இருக்கிறது, கழகத்திலேயே சத்தம் குறைந்தது அதுதான் என்று சொல்கிறார். பட்டறையில் றெமிஜியஸை மேற்பார்வைக்கு மாற்றிவிட்டார்கள், பிழையை வாயால் சொன்னால் போதும். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பிடியைப் பிடித்து நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பேபி அன்ரி பல்ப் மாற்றக் கூப்பிடுகிறார். அருள் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது போகவில்லை என்று அன்ரனெற் சாட்சி சொல்கிறார். செலீன் பெட்டியை அடுக்கவில்லை. சித்தப்பாவின் படத்தை அறையிலிருந்து எடுத்து வந்து, சாப்பாட்டு மேசைக்கு எதிரே, றெமிஜியஸின் கண்ணுக்கு நேரே மாட்டினாள். பனிக்காலத்தில் அவருடைய ஜக்கற்றை விரல்களிலிருந்து கீழ்நோக்கி இழுத்துப் போட்டு, கதிரையில் ஏறிக் கையுறைகளையும் மாட்டிவிடுகிறாள். இரவுச் சோற்றைக் குழைத்து ஊட்டிவிடுகிறாள். ஒவ்வொரு வாய்க்கும் றெமிஜியஸ் படத்தை ஒருமுறை பார்க்கிறார், படம் ஒன்றும் சொல்வதில்லை, அவர் வாயைத் திறக்கிறார்.