அரை மணி நேர நடை

1

இந்தக் கதை நூலகத்தில் பார்த்த ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. வளரிளம் பருவத்தினரின் உடல் பருமனை வருமானத்தை வைத்தும் இனத்தை வைத்தும் பிரித்திருந்தார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்களின் வரிசையில் எண்கள் பெரியவை. நான் படித்தது உயிரியல். எண்களிடம் எனக்குக் கூச்சமில்லை, மனிதர்களிடம்தான். ஆனால் அன்று எண்களைப் பார்த்தே பயந்தேன். உணவு, உறக்கம், பரம்பரை எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. பயத்துக்கு இல்லை.

2

அவள் குண்டாக

(வேண்டாம். அவள் வகுப்பில் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.)

வறுமையின் கோரப்பிடியில் சிக்கிய அந்தச் சிறுமி

(எனக்கே சிரிப்பு வருகிறது.)

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அம்மா மாலை வேலைக்குப் போவாள்.

இந்த வரி நிற்கிறது.

3

அம்மாவுக்குச் சலவை ஆலையில் வேலை. விடுதிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். போன வருடம் வேலை முடிந்து வரும்போது, அவள் நிறத்தையும் பேச்சையும் சொல்லித் திட்டிய ஒரு கூட்டம் பாட்டிலை எறிந்தது. புருவத்தில் தழும்பு இருக்கிறது. அதன்பிறகுதான் பூட்டு.*

மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளிச் செவிலியை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். சுலபமாக வந்தது, அதனால் நம்பவில்லை. இப்போது அவள் நல்லவள். "சர்க்கரை எல்லைல நிக்குதும்மா. தினமும் அரை மணி நேரம் நட, போதும்" என்றாள். திட்டியிருந்தால் மறந்திருப்பார்கள். அன்பாகச் சொன்னது வீட்டைக் கலக்கிவிட்டது.

"எங்கம்மா நடக்கறது?"

"வீட்டுக்குள்ளயே நடடி."

"கட்டிலச் சுத்தியா? நான் என்ன செக்குமாடா? அப்படி நடந்தாலும் கீழ்வீட்டுக்காரர் தொடப்பக்கட்டையால மேல இடிக்கறாரு. யானை வளக்கறீங்களான்னு கேட்டாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

* 'தீப்பிடித்தால்?' என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டுக்கொண்டாள். தீ என்றைக்காவது வரும், அந்தத் தெரு தினமும் இருக்கிறது என்று முடிவுசெய்தாள்.

4

ஒரு விடுமுறை நாளில், இரண்டு தெரு தள்ளியிருந்த குடியிருப்பின் பூங்காவுக்கு அம்மா மகளைக் கூட்டிப்போனாள். உள்ளே, மகளின் வகுப்புத் தோழிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அட்டவணையில் சின்ன எண்கள் உள்ள வரிசை அவர்களுடையது.

காவலாளி மறித்தார். "எந்த வீட்டுல வேலை செய்யறீங்க?"

"வேலை இல்லைங்க. சும்மா நடக்கத்தான்."

"நடக்கறதுக்கு ரோடு இல்லையா?"

5

மறுபரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. அம்மா ஆலைக்கு விடுப்புச் சொன்னாள். கதவைத் திறந்து வைத்தாள்.

"பெரிய ரோட்டோட போ. யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத. இருட்டறதுக்குள்ள வந்துடு."

"நீயும் வாயேம்மா."

"என்னப் பாத்தாத்தான் பாட்டில் எறிஞ்சவனுங்களுக்கு ஞாபகம் வரும். நீ போ."

ஜன்னலருகே நின்றாள். மகள் முனை திரும்பியதும் தெரு காலியாகிவிட்டது.

6

(அ) வியர்வை வழியத் திரும்பி வந்து, "நாளைக்கும் போறேம்மா" என்கிறாள். இதை எழுதினேன். யாரோ ஒரு தாய் இதை நம்பிக் கதவைத் திறந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு நானா பொறுப்பு?

(ஆ) அவள் திரும்பி வரவே

அடித்துவிட்டேன். இதை எழுதினால் எல்லாப் பூட்டும் நியாயமாகிவிடும்.

7

ஆகவே அவள் இன்னும் தெருவில்தான் இருக்கிறாள். வெளிச்சம் குறைகிறது. அவளுக்குப் பின்னால் காலடி ஓசை கேட்கிறது.

அது நீங்கள்தான். ஒவ்வொரு வரியிலும் அவளைத் தொடர்ந்து வந்திருக்கிறீர்கள். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். நீங்கள் யாரென்று எனக்கும் தெரியாது. விரைந்து தாண்டிப் போகப் பார்த்தால் அவள் ஓடுவாள். நின்றுவிட்டால், ஓசை ஏன் நின்றது என்று இன்னும் பயப்படுவாள்.

சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது.