கமருன்னிஸாவுக்காக இறங்கிய மதகு

இதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்த வருஷச் சம்பா எனக்கு முழுக்கப் பதராகப் போகட்டும். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், கமருன்னிஸா வீட்டுப் பெண்களுக்கு ரத்தம் கசிந்தால் வாய்க்கால் மதகு மூடாது. ரத்தம் நின்ற பிறகுதான் பலகை இறங்கும். அவர்கள் ரத்தத்தில் உறையவைக்கும் சத்து பிறவியிலேயே குறைவு, தாய்வழியாக வந்தது. வெங்காயம் நறுக்கும்போது விரலில் பட்டால் மற்ற வீடுகளில் அது ஒரு நிமிஷச் சமாசாரம். அந்த வீட்டில் பட்டால் தென்கரை வயல் முழுக்கத் தண்ணீர் பாய்ந்துவிடும். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில், அவர்கள் அரிவாள்மனையைச் சாணை பிடித்துக் கொடுக்க ஊரில் போட்டி இருந்தது. மதகைக் காக்கும் லஸ்கர் இருதயசாமி இதைப் பெரிதுபடுத்துவதில்லை. பலகை சிக்கினால் சைக்கிளில் அந்த வீட்டு வாசலுக்கு வந்து, "என்னம்மா, பல்லு புடுங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

கமருன்னிஸாவின் உம்மா ஷம்சாத்துக்கு மார்பில் கட்டி வந்தபோது, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். கதிர் முற்றி நின்ற சமயம். வயலில் தண்ணீர் ஏறினால் எல்லாம் சாய்ந்துவிடும், அறுப்பு முடியட்டும் என்று ஊர் கேட்டுக்கொண்டது. மரியாதைக்காரப் பெண்மணி, ஒத்துக்கொண்டார். அறுப்பு நன்றாகவே முடிந்தது. அடுத்த அறுப்புக்கு அவர் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழியில் கமருன்னிஸா தஞ்சாவூருக்குப் போய் மேமோகிராம் எடுத்தார். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. உம்மாவை நினைத்துத்தான் போனார். இயந்திரம் அழுத்தியதில் மார்பு கத்தரிப்பூ நிறத்துக்குக் கன்றியது. அன்று மதகடியில் ஈரம் மட்டும் கசிந்தது. படத்தில் கடுகளவு ஏதோ தெரிந்தது. ஊசி குத்திப் பார்க்கத் தையில் நாள் குறித்தார் டாக்டரம்மா. தையில் எங்களுக்குக் கதிர் பழுத்து, அறுவடை வண்டி ரோட்டோரம் வந்து நின்றது.

ஊர் கூடியது. மார்பு என்ற சொல்லைச் சொல்லக் கூசி ஆண்கள் 'அந்த விஷயம்', 'அந்த விஷயம்' என்று மென்று விழுங்கினார்கள். நிறைய நிலம் வைத்திருக்கும் குஞ்சிதபாதம்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, மாசி பொறக்கட்டுமே. வயலு ஈரமானா டயர் வண்டி எறங்காது. சேத்துல எறங்குற பெல்ட் வண்டிக்கு நாங்க எங்க போறது?"

"அண்ணே, எனக்கு மாருல கட்டி. அதுக்கு ஒங்க அறுப்புத் தேதி தெரியுமா?"

கமருன்னிஸா எழுந்துகொண்டார்.

"எங்க உம்மா ஒங்களுக்காக ஒரு அறுப்பு காத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க வீட்டுல அது போதும். பொதங்கெழமை போறேன். தண்ணி ஏறுனா வரப்பை வெட்டி வடிச்சுக்குங்க."

புதன்கிழமை ஊரே மண்வெட்டியோடு வரப்பில் நின்றது. தஞ்சாவூரில், ரத்த நோய் பார்க்கும் டாக்டரிடம் கலந்து பேசி, உறையவைக்கும் மருந்தை முதலில் நரம்பில் ஏற்றிவிட்டு, பிறகுதான் ஊசியைக் குத்தினார்கள். இங்கே பலகை ஒருதரம் உதறியது. தண்ணீர் ஒரு சாண் ஏறியது. பிறகு, யாரும் கைவைக்காமலே பலகை இறங்கி உட்கார்ந்துகொண்டது. இருதயசாமி போன் போட்டார்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுண்ணே. பஞ்சு வச்சு அழுத்துனதோட நின்னுடுச்சு."

"இங்கயும் நின்னுடுச்சு."

கட்டி கெட்டதுதான், ஆனால் சின்னது. பங்குனியில், அதே மருந்தை முன்னால் ஏற்றி, வெட்டி எடுத்துவிட்டார்கள். மதகு முனகக்கூட இல்லை. இப்போது கமருன்னிஸா தன் மகள் ஃபஹ்மிதாவுக்கும் ரத்தத்தைச் சோதித்து வைத்திருக்கிறார். வருஷா வருஷம் அவர் படம் எடுக்கப் போகும் வேனில் குஞ்சிதபாதத்தின் சம்சாரம் ஜன்னலோரம் இடம் பிடித்துவிடுகிறார். குஞ்சிதபாதம் மட்டும், ஆற்றில் தண்ணீர் தாமதமானால், "அருவாமன மழுங்கிப் போச்சா தங்கச்சி?" என்று மெல்லக் கேட்டுப் பார்ப்பார். அந்த வீட்டில் காய் நறுக்குவது இப்போது கமருன்னிஸாவின் கணவர் ஜாஃபர் சாதிக்.

நேரில் பார்க்க வர நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: எங்கள் வாய்க்காலுக்கு இதுவரை மதகு கட்டவில்லை.