திரைக்குள் மாட்டிக்கொண்ட தீர்த்தகிரி

லேப்டாப் மறுபடியும் கம்பெனிப் பேரைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுபோனது. அடியில் காற்றாடி மட்டும் பேய் பிடித்ததுபோலச் சுற்றியது. வஹிதா பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாள். மறுபடி போட்டாள். அதே பேர், அதே காற்றாடி, அசையாத திரை.

உள்ளே தீர்த்தகிரி இருக்கிறார். உலகத்தில் வேறெங்கும் இல்லை.

காரிமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுப்பவள் வஹிதா. கேமரா பிடிப்பவன் குப்புராஜ். முகூர்த்த நாட்கள் வரிசையாக வந்துவிட்டால் இருவருக்கும் தலைகால் புரியாது. ஒரு கல்யாணம் முடிந்த கையோடு மெமரி கார்டை அவள் லேப்டாப்பில் கொட்டி, அங்கேயே கார்டை அழித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுவான். இன்னொரு காப்பி எடுக்க யாருக்கு நேரம்? மணிமேகலை கல்யாணத்துக் கார்டும் அப்படித்தான் அன்றைக்கே அழிந்து, பாப்பாரப்பட்டியில் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்துக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளை மணிமேகலை தானே பார்த்துக் கட்டிக்கொண்டவர். அப்பா தீர்த்தகிரி வந்து தாரை வார்த்தார், ஆனால் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு. மகளோடு ஒரு பேச்சில்லை. கல்யாணம் முடிந்த வாரமே நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விட்டார். கோபத்தோடே போய்ட்டாரே என்று அந்தப் பெண் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாளாம்.

நேற்றுத்தான் வஹிதா அதைப் பார்த்தாள். பந்தி நடக்கும்போது தீர்த்தகிரி தனியாகக் கேமரா முன்னால் வந்து நின்று, மகளுக்கென்று ரெண்டு வார்த்தை பேசியிருந்தார். குப்புராஜுக்கு அது ஞாபகம்கூட இல்லை. வஹிதா உடனே மணிமேகலைக்குப் போன் போட்டாள்.

"திட்டினாருங்களா?" என்று மட்டும் கேட்டாள் மணிமேகலை.

"நீங்களே வந்து கேளுங்கம்மா. மேளச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கறேன்."

அப்போதே வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டிருக்கலாம். சுத்தமாகத் தரணுமாம்! இப்போது மணிமேகலை கடத்தூரிலிருந்து பஸ் ஏறிவிட்டாள்.

குப்புராஜைக் கூப்பிட்டால் அவன் பாட்டுக்கு, "டிஸ்க் போச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லிரு அக்கா. எல்லாரையும் மாலையைப் போட்டு நிக்க வெச்சு இன்னொரு தடவை எடுத்துக் குடுத்துரலாம்" என்றான்.

"செத்தவரை எப்படிடா நிக்க வெப்பே, எடுவட்டவனே?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

கடைசியில் பெங்களூரில் இருக்கும் தம்பி இத்ரீஸைப் பிடித்தாள். இந்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? புதுசா என்னக்கா பண்ணே?"

"இன்னைக்கு லைன் வேலை, சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இருக்காதுன்னு மெசேஜ் வந்துச்சு. பேட்டரி கொஞ்சம் தாங்கட்டுமேன்னு, நெட்டுல பாத்து, நேத்து ராத்திரியே பெரிய கிராபிக்ஸை ஆஃப் பண்ணி வெச்சேன்."

"அட போக்கா! உள்ள இருக்கற ரெண்டு கிராபிக்ஸ் சிப்புல சின்னது சும்மா ஓடறது, பெருசு உன் வீடியோ வேலைக்கு. லினக்ஸ் எந்திரிக்கறப்ப பெருசைக் கூப்பிடுது. அதுக்குத்தான் நீ பவரே குடுக்கலையே. பதில் வரட்டும்னு இது நின்னுட்டே இருக்கு."

"உள்ள இருக்கறது?"

"அது பத்திரமாத்தான் இருக்கும். பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணினியா? சும்மா சும்மா அப்படிப் பண்ணா ஃபைல் கெட்டுரும்."

"ஒரே தடவைதான்" என்றாள் வஹிதா. காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். யா அல்லா, என் கையாலேயே அந்த மனுசனை இன்னொரு தடவை கொன்னுட்டேனா என்று பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"உள்ளயே போகலையே, எங்க போய்ப் பாக்கறது?"

இத்ரீஸ் சொல்லிக்கொண்டே வந்தான். போட்டவுடனே எஸ்கேப்பைத் தட்டு. மெனு வருதா? 'ஈ' அமுக்கு. லினக்ஸ்னு தொடங்கற வரி, அதோட கடைசிக்குப் போ. நேத்து நீ வெச்சதை இந்த ஒரு தடவை ஓடாதேன்னு சொல்லணும். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அவள் பயத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள். மறுபடியும் அதே பேர், அதே காற்றாடி.

"திருப்பி சொல்லுடா" என்றாள்.

இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லியபடி அடித்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின. டிஸ்க்கைச் சரிபார்ப்பதாக ஒரு வரி வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. கை தானாகப் பவர் பட்டனுக்குப் போக, இன்னொரு கையால் அதைப் பிடித்து இழுத்தாள். சடாரென்று திரை வெளிச்சமாகி பாஸ்வேர்டு கேட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். மணிமேகலை உள்ளே வந்துவிட்டாள். முகம் வீங்கி, அழுது அழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கக்கா? போடுங்க" என்றாள்.

மூலையில் பேட்டரி சிவப்பாக மின்னியது.

"முதல்ல காப்பி எடுத்துக்கறேன் கண்ணு. எந்த நேரமும் அணைஞ்சிரும்."

"ஒரு தடவை கேட்டுட்டு எடுங்களேன்! எங்கப்பா எனக்கு என்னமோ சொல்லியிருக்காரு, நீங்க காப்பிங்கறீங்க!" அவள் குரல் கிறீச்சிட்டது.

வஹிதா பென்டிரைவைச் சொருகினாள். கோடு நகர்ந்தது, முடிந்தது. ஆனாலும் பிடுங்கவில்லை. கோடு முடிந்தாலும் இது உள்ளுக்குள் எழுதிக்கொண்டிருக்கும், 'வெளியேற்று' என்பதை அமுக்கி, 'எடுக்கலாம்' என்று அது சொல்கிறவரை தொடக்கூடாது. அமுக்கினாள். இரு, இரு என்றது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தார்கள்.

திரை அணைந்தது.

எடுக்கலாம் என்று சொன்னதா, சொல்வதற்குள் போய்விட்டதா? வஹிதாவுக்குத் தெரியவில்லை. மணிமேகலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வஹிதா பென்டிரைவைப் பிடுங்கி, சின்ன ஒயர் வழியாகத் தன் போனில் மாட்டினாள். விரல் வழுக்கியது. போனில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு மேளச் சத்தம் கேட்டது.

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தீர்த்தகிரி நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "ஏம்ப்பா, இதை எம்பொண்ணு பாப்பாளா?" என்று குப்புராஜைக் கேட்டார். பிறகு நேராகப் பார்த்தார்.

"மணி, உங்கப்பன் கோவமா இருக்கான்னு நெனைச்சுக்காத கண்ணு. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. எம்மூஞ்சியே அப்படித்தான். சோறு நல்லாருக்கு, நீயும் போய்ச் சாப்புடு."

அவ்வளவுதான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டார்.

மணிமேகலை அழவில்லை. தன் போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டாள்.

"அம்மா," என்றாள், "அப்பாவுக்குக் கோவமே இல்லையாமாம்மா."