மூன்றாவது மாடி யாருக்கு?

கார்விஸ்டன் நகரத்து ஏரிக்கரைத் தடத்தில் ஓடிய ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் விழுந்த பொக்கைச் சிரிப்பு, பின்னல் நுனிகளில் மஞ்சள் மணிகள். பக்கத்தில் பெரிய எழுத்தில், 'பிரைட் ஆங்கர் அகாடமி: எல்லாக் குழந்தைக்கும் ஓர் இடம்' என்று போட்டிருந்தது. அந்தச் சிறுமியின் பெயர் ஒடெஸ்ஸா. பஸ்ஸை ஓட்டியவள் அவளுடைய அம்மா வெர்னிட்டா ப்ரூயிட். அந்த விளம்பரம் ஒட்டிய வண்டி தனக்குத்தான் வேண்டும் என்று டிப்போவில் மல்லுக்கட்டி வாங்கியிருந்தாள்.

எல்லாக் குழந்தை என்பதில் தன் குழந்தை சேர்த்தி இல்லை என்று ஒரு திங்கட்கிழமை அவளுக்குத் தெரியவந்தது.

பிரைட் ஆங்கர் ஒரு சார்ட்டர் பள்ளி. பணம் ஊரார் வரிப்பணம், நிர்வாகம் மட்டும் தனி. யாரும் கேள்வி கேட்க முடியாது. கேட்டால் 'குழந்தைகளின் எதிர்காலத்துக்கு எதிரியா நீங்கள்?' என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே அமைதிதான் சாமி. தாழ்வாரத்தில் நடக்கும்போது குழந்தைகள் கன்னத்தை உப்பி வாயை மூடிக்கொள்ள வேண்டும். மேசைமேல் கைகளைக் கோத்து வைக்க வேண்டும். கைதட்டக்கூடக் கூடாது. யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் இரண்டு கையையும் தூக்கி விரல்களை நெளிக்க வேண்டும். அதற்கு 'வெளிச்சம் அனுப்புவது' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒடெஸ்ஸாவுக்கு எழுத்துகள் எளிதில் வசப்படாது. ராகம் போட்டுக்கொண்டே படிப்பாள். ராகம் முன்னே போகும், சொல் அதைப் பிடித்துக்கொண்டு பின்னே வரும். ராகத்தை நிறுத்தினால் சொல்லும் நின்றுவிடும். போன வருடம் அது அழகாக இருந்தது, விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்கள். இந்த வருடம் மாநிலத் தேர்வு எழுதும் வகுப்புக்கு வந்துவிட்டாள், அழகு போய்விட்டது. குளிர்காலம் முழுக்க வெர்னிட்டாவுக்கு போன் வந்தபடி இருந்தது. 'ஒடெஸ்ஸா சத்தம் போடுகிறாள், வந்து அழைத்துப் போங்கள்.' பாதித் தடத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? போனாள். டிப்போ மேலாளரிடம் திட்டு வாங்கினாள், மறுபடியும் போனாள்.

அந்தத் திங்கட்கிழமை ஒழுங்கைக் கவனிக்கும் டீன், மிஸ் ஹால்வர்சன், அவளை உட்காரவைத்துப் பேசினாள். குரலை உயர்த்தவே மாட்டாள் அந்தப் பெண். கத்தினால் திருப்பிக் கத்தலாம். இப்படிப் பஞ்சு மாதிரிப் பேசுகிறவர்களை என்ன செய்வது?

"மிஸ் ப்ரூயிட், ஒடெஸ்ஸாவுக்கு வேண்டிய உதவி எங்ககிட்ட இல்ல. இது அவளுக்குப் பொருத்தமான இடம்தானான்னு நாம யோசிக்கணும்."

"பஸ் மேல அப்படி எழுதலையே நீங்க."

"அது பொதுவாச் சொல்றது." மிஸ் ஹால்வர்சன் புன்னகைத்தாள். "ஐடா கிரேடி பள்ளியில மூணாவது மாடியில மிஸஸ் கிம்ப்ரோவோட உதவி வகுப்பு இருக்கு. அருமையான வகுப்பு. நீங்களா விலக்கிக்கிட்டா அவ பேர்ல எந்தக் கறையும் இருக்காது. தேர்வுக்கு முன்னாடியே மாறிட்டா அவளுக்கு நல்லது."

யாருக்கு நல்லது என்று வெர்னிட்டாவுக்குத் தெரியாதா என்ன? ஒடெஸ்ஸா தேர்வு எழுதினால் பள்ளியின் சராசரி இறங்கும். எழுதாவிட்டால் இறங்காது. அவ்வளவுதான் கணக்கு. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். 'நீக்கப்பட்டவள்' என்ற சொல் மகளைத் துரத்திக்கொண்டு வரக்கூடாதே என்ற பயம்.

அங்கிருந்து நேராக ஐடா கிரேடிக்குப் போனாள். அது அவர்கள் தெருவிலேயே இருக்கும் பழைய அரசுப் பள்ளி. மழை பெய்தால் நூலகத்தில் வாளி வைப்பார்கள். ஒரே வருடத்தில் ஒடெஸ்ஸாவின் வகுப்புக்கு ஆசிரியர் மாறி மாறி வந்ததைப் பார்த்துத்தான் வெர்னிட்டா அவளை அங்கிருந்து எடுத்திருந்தாள். மூன்றாவது மாடிக்கு இதுவரை ஏறியதில்லை. மிஸஸ் கிம்ப்ரோவின் அறையில் ஜன்னல் முழுக்க வெயில். மூலையில் ஒரு பையன் மேசையைத் தட்டிக்கொண்டே கணக்குப் போட்டான், ஒரு பெண் நடந்துகொண்டே படித்தாள்.

"எம்பொண்ணு ராகம் போட்டாத்தான் படிப்பா," என்றாள் வெர்னிட்டா, தயங்கித் தயங்கி.

"போடட்டுமே. இங்க எல்லாரும் ஏதோ ஒரு சத்தக்காரங்கதான்," என்றார் மிஸஸ் கிம்ப்ரோ. "வசந்த விடுமுறை முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. இடம் இருக்கு."

வெர்னிட்டா படியிறங்கும்போது அழுதாள். அவள் அழுகிற ரகம் இல்லை.

மறுநாள் அவளை போனில் பிடித்தான் ப்ரெக்கன். பிரைட் ஆங்கருக்காகப் பெற்றோரைத் திரட்டுகிற இளைஞன். வாயெல்லாம் உற்சாகம்.

"மிஸ் வெர்னிட்டா! நம்ம நட்சத்திரமே! வியாழக்கிழமை பள்ளி வாரியத்துல கருத்துக் கேட்புக் கூட்டம். போன வருஷம் மைக்குல பேசிக் கலக்குனீங்களே, அதே மாதிரி வேணும். பஸ் நாங்க அனுப்பறோம், டி-ஷர்ட் குடுக்கறோம், பீட்சாவும் உண்டு."

"எதுக்குக் கூட்டம்?"

"இடத்துக்குத்தான். நம்ம குழந்தைங்க நெருக்கியடிச்சு உட்காந்திருக்காங்க. ஐடா கிரேடியில ஒரு மாடியே சும்மா கிடக்கு. மூணாவது மாடி. வாரியத்தோட கட்டடம்தானே, அதை நமக்குக் குடுன்னு கேக்கப்போறோம்."

பிள்ளையை வெளியே தள்ளியது ஒரு கை, பிள்ளையின் அம்மாவை மேடைக்கு இழுப்பது இன்னொரு கை. அந்த இரண்டு கைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை போலிருக்கிறது. இவனுக்கு ஒடெஸ்ஸா ஒரு படம் மட்டும்தான். படம் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டதை யாரும் இவனிடம் சொல்லவில்லை.

"வரேன். பேசறேன்," என்றாள்.

வியாழன் சாயங்காலம் வாரியத்தின் மண்டபம் பாதி மஞ்சளாக இருந்தது. பிரைட் ஆங்கர் பெற்றோர் எல்லாரும் மஞ்சள் டி-ஷர்ட். முன்வரிசைகளில் குழந்தைகள், அவர்களும் மஞ்சள். மறுபாதியில் ஐடா கிரேடிக்காரர்கள், வேலையிலிருந்து வந்த அதே உடுப்புகளில், கையால் எழுதிய அட்டைகளோடு. நடுவே உள்ள வழியைப் பார்த்தால் ஒரே தெருக்காரர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரே தேவாலயம், ஒரே சலவைக்கடை, இன்றைக்கு மட்டும் இரண்டு கட்சி. இவர்களை இப்படிப் பிரித்து உட்காரவைத்துவிட்டு, மேடையில் வாரியத்தார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து க்ளாடீன் எழுந்து வந்தாள். வெர்னிட்டாவின் அக்கா, ஐடா கிரேடியில் உதவி ஆசிரியை. போன வருடம் இதே மைக்கில் வெர்னிட்டா 'ஐடா கிரேடி பிள்ளைகளைக் குப்பையில் போடுகிற இடம்' என்று பேசியபோது அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் 'உப்பை இந்தப் பக்கம் தள்ளு' என்பதோடு சரி.

"மறுபடியும் வந்துட்டியா, வெர்னி? எத்தனை துண்டு பீட்சாவுக்கு இன்னிக்கு?"

"க்ளாடீன், போய் உக்காரு."

"அந்த மாடியில யார் இருக்காங்கன்னாவது தெரியுமாடி உனக்கு? சும்மா கிடக்காம் சும்மா! கிம்ப்ரோவோட பிள்ளைங்க என்ன காத்தா?"

"தெரியும். போய் உக்காருன்னேன்ல."

க்ளாடீன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். வெர்னிட்டாவுக்குப் பக்கத்தில் இருந்த ரமோனா அவள் கையைப் பிடித்தாள். ரமோனாவின் மகன் டெஷான், ஒடெஸ்ஸாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"நீ என்ன பேசப்போறேன்னு உன் மூஞ்சியிலயே தெரியுது," என்றாள் ரமோனா தணிந்த குரலில். "ஒடெஸ்ஸாவுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனா எம்பையன் அங்கதான் படிக்கக் கத்துக்கிட்டான், வெர்னிட்டா. அவனுக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்கோ."

"உம்பையன் படிக்கட்டும். எம்பொண்ணு இடத்து மேல ஏறி உக்காந்துதான் படிக்கணுமா?"

ரமோனா கையை விட்டுவிட்டாள். அவள்மீது கோபப்படவும் முடியவில்லை வெர்னிட்டாவுக்கு. கிடைத்ததை விடாமல் பிடித்துக்கொள்கிற தாயைக் குறை சொல்லி என்ன பயன்?

பெயர் கூப்பிட்டார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். ப்ரெக்கன் குழந்தைகளின் பக்கம் திரும்பிக் கைகளைத் தூக்கிக் காட்டினான். மஞ்சள் சட்டையில் யார் மைக்குக்குப் போனாலும் வெளிச்சம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தான். அத்தனை குழந்தைகளும் வெர்னிட்டாவைப் பார்த்து விரல்களை நெளித்தார்கள்.

"என் பேரு வெர்னிட்டா ப்ரூயிட். உங்க ஊர் பஸ்ஸுல சிரிக்கிறாளே, அவ எம்பொண்ணு. போன வருஷம் இங்க நின்னு இந்தப் பள்ளியைத் தூக்கி வச்சுப் பேசினேன். எல்லாக் குழந்தைக்கும் இடம்னு சொன்னாங்க, நம்பினேன். இந்தத் திங்கட்கிழமை எம்பொண்ணை வெளிய அனுப்பிட்டாங்க."

விரல்கள் நெளிந்தபடியே இருந்தன. ப்ரெக்கனின் சிரிப்பு மட்டும் உறைந்துபோனது.

"உதவி எங்ககிட்ட இல்ல, ஐடா கிரேடி மூணாவது மாடியில இருக்கு, அங்க போன்னாங்க. போனேன். இருக்கு. வெயில் வர்ற அறை, நல்ல டீச்சர். எம்பொண்ணுக்கு ஒரு நாற்காலி. இன்னிக்கு இந்தச் சட்டையை மாட்டிவிட்டு, அந்த மூணாவது மாடியையே கேளுன்னு என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. வேண்டாத பிள்ளைங்களை மேல அனுப்புவீங்க, அப்புறம் மேல் மாடியையும் எடுத்துக்குவீங்க. அடுத்து எங்க அனுப்பறதா உத்தேசம்? கூரை மேலயா?"

ஐடா கிரேடிப் பக்கம் கொந்தளித்தது. ப்ரெக்கன் 'நிறுத்துங்க, நிறுத்துங்க' என்று கையால் சைகை காட்டினான். குழந்தைகளுக்குப் புரியவில்லை. மஞ்சள் சட்டை பேசினால் வெளிச்சம் அனுப்ப வேண்டும், அதுதான் அவர்களுக்குச் சொன்னது. சொன்னதைச் செய்யத்தானே பழக்கியிருக்கிறார்கள்? இன்னும் வேகமாக நெளித்தார்கள். முன்வரிசையில் டெஷான் எழுந்தே நின்றுவிட்டான்.

"சும்மா கிடக்குன்னு சொன்னவங்க யாராவது ஒரு தடவை அந்தப் படி ஏறிப் பாத்தீங்களா? நீங்க பாத்தீங்களா ஐயா?"

வாரியத் தலைவர் மணியை அடித்தார். "நன்றி, மிஸ் ப்ரூயிட். உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது."

திரும்பி வரும்போது வெர்னிட்டா மஞ்சள் பக்கம் போகவில்லை. க்ளாடீன் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைக் காலியாக்கினாள். வெர்னிட்டா உட்கார்ந்ததும், "அந்தச் சட்டை உனக்கு நல்லாவே இல்ல," என்றாள். தன் ஸ்வெட்டரைக் கழற்றித் தங்கையின் தோளில் போட்டாள்.

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மூன்றாவது மாடி பிரைட் ஆங்கருக்குப் போனது. உதவி வகுப்புக்கு 'வேறு பொருத்தமான இடம் கண்டறியப்படும்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் படியை ஏறிப் பார்த்தவர் இல்லை. கேட்டால், வரைபடத்தைப் பார்த்தோம் என்பார்கள்.

அடுத்த வாரமே பஸ்ஸிலிருந்து ஒடெஸ்ஸாவைக் கிழித்து எடுத்தார்கள். வேறொரு குழந்தையின் சிரிப்பை ஒட்டினார்கள். வாசகம் அதேதான். வெர்னிட்டா டிப்போவில் வேறு வண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வசந்தத்தில் சில வாரங்கள் ஒடெஸ்ஸா அந்த வெயில் அறையில் ராகம் போட்டுப் படித்தாள். ஒரு முழுப் பக்கத்தையும் நிற்காமல் படித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாய்க்குக்கூடப் படித்துக் காட்டினாள்.

கோடை முடிந்து பள்ளி திறந்தது. வாரியம் கண்டறிந்த பொருத்தமான இடம், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடம். ஒரு மடக்கு மேசை, சில நாற்காலிகள். ஜன்னல் கிடையாது. 'இப்போதைக்கு' என்றார்கள். அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் என்ன ஆயுசு என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு விடுப்பு நாளில் வெர்னிட்டா அங்கே போய்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒடெஸ்ஸா புத்தகத்தில் முகத்தைப் புதைத்து ராகம் போட்டுக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து காலடிச் சத்தம் வந்தது. பிரைட் ஆங்கர் குழந்தைகள் வரிசையாக, கன்னத்தை உப்பிக்கொண்டு, சுவரை ஒட்டி ஏறினார்கள். டெஷான் ஒடெஸ்ஸாவைக் கடக்கும்போது, டீன் பார்க்காத நேரம் பார்த்து, இடுப்பளவில் கையை வைத்து விரல்களை நெளித்தான். ஒடெஸ்ஸா சிரித்துக்கொண்டே தன் விரல்களை நெளித்தாள். ராகம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

மிஸ் ஹால்வர்சன் நின்றாள். அதே பஞ்சுக் குரல்.

"மிஸஸ் கிம்ப்ரோ, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா? எங்க குழந்தைங்க படியேறுறாங்க."

மிஸஸ் கிம்ப்ரோ வாயைத் திறப்பதற்குள் ஒடெஸ்ஸா நிறுத்திவிட்டாள். ராகம் நின்றது, சொல்லும் நின்றது. விரல் பாதி வார்த்தையில் அப்படியே இருந்தது. அவள் கன்னங்கள், பழைய பழக்கத்தில், தானாக உப்பின.

வெர்னிட்டா படியிலிருந்து எழுந்து வந்து மிஸ் ஹால்வர்சனுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றாள்.

"உங்க பிள்ளையா இருந்தப்போ இவ வாயை மூடினீங்க. அப்புறம் வேணாம்னு அனுப்பினீங்க. அனுப்பின அறையையும் பிடுங்கிட்டீங்க. இது வெறும் படிக்கட்டு. இதையும் எடுத்துக்க வந்தீங்களா?"

மிஸ் ஹால்வர்சன் ஏதோ சொல்ல வந்தாள். வெர்னிட்டா அவளைப் பார்க்கவேயில்லை. மகளின் பக்கம் குனிந்து, உப்பிய கன்னத்தை விரலால் மெல்ல அழுத்தினாள். காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது.

"சத்தமாப் படி, ஒடெஸ்ஸா," என்றாள். "மூணாவது மாடி வரைக்கும் கேக்கணும்."