பால்சிக்குக்கு எத்தனை மதிப்பெண்

"இவர் எந்தக் கட்சி?" என்று கிளைவ் கேட்டதும் வீட்டுக்கார அம்மாள் ஸ்தாங்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேட்டதில் ஒரு தப்பும் இருப்பதாகக் கிளைவுக்குத் தோன்றவில்லை. வந்த மூன்று நாளாகப் பார்க்கிறார், பால்சிக் ஊர் முழுக்க மதிலில், மரத்தில், பேருந்து நிறுத்தத்தில் படம் போட்ட தாள்கள். எல்லாம் கோட்டுப் போட்ட கிழவர்கள், முக்காடிட்ட கிழவிகள். பல்கேரியாவில் தேர்தல் போலிருக்கிறது, இளவட்டம் ஒன்றுகூட நிற்கவில்லையே என்று அங்கலாய்த்தபடி திரிந்தவர், இந்த வீட்டு வாசல் கதவிலும் ஒரு மீசைக்காரர் சிரிப்பதைக் கண்டு மரியாதைக்காகக் கேட்டுவைத்தார்.

"என் வீட்டுக்காரரு," என்றாள் ஸ்தாங்கா. முப்பது வருஷம் ஓட்டல் வரவேற்பில் வேலை பார்த்தவள், ஆங்கிலம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. "செத்து ஆறு வருஷமாச்சு. இனிமே எங்க நின்னாலும் ஜெயிக்க மாட்டாரு."

மாடியில் நோரீன் சிரித்துவிட்டாள். மனைவி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டுப் பல வருஷமாகியிருந்ததால் கிளைவ் தன் அசட்டுத்தனத்தை அன்றைக்குப் பெரிதுபடுத்தவில்லை.

கிளைவ் இங்கிலாந்தில், ஹல் நகரத்தில், நாற்பது வருஷம் பேருந்துகளின் நேரத்தைச் சரிபார்த்தவர். ஓய்வுக்காலத்தை வெயில் அடிக்கிற கடலோர ஊர் ஒன்றில் கழிப்பது என்று முடிவானதும், மனிதர் அதையும் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டார். ஊருக்கு ஒரு மாதம் தங்கிப் பார்ப்பது, மதிப்பெண் போடுவது. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வீட்டுக்கு எத்தனை படி, ரொட்டி எப்படி, பேருந்து சொன்ன நேரத்துக்கு வருகிறதா. போர்ச்சுகலில் தவீராவுக்கு எண்பத்திரண்டு. பால்சிக் எழுபத்தொன்பதில் நின்றது. தாள்கள் எல்லாம் செத்தவர்களின் நினைவாக வீட்டார் ஒட்டுபவை என்று தெரிந்தபின் அதில் ஐந்தைக் கழித்தார். காலையில் கதவைத் திறந்தால் செத்தவன் முகத்திலா விழிப்பது? நோரீனைக் கேட்டால் எந்த ஊருக்கும் ஒரே பதில்தான்: "எனக்கு எங்கன்னாலும் சரி." தவீராவில் பார்த்துவைத்த வீட்டின் சொந்தக்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை அந்த ஊரில் இறந்தவர்களுக்கான நாள். ஸ்தாங்கா கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவி, சின்னச் சின்னக் கோப்பைகளில் போட்டுத் தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தாள். வாங்குகிறவர்கள், "கடவுள் மன்னிக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு நின்று தின்றார்கள். நோரீனிடமும் ஒன்றை நீட்டினாள்.

"உங்க பக்கம் போய்ச் சேந்தவங்க யாரு?"

உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். நோரீன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "கெரத்," என்றாள். "எங்க பையன். இருபத்திமூணு வயசு."

பக்கத்தில் நின்ற கிளைவ் திடுக்கிட்டார். பதினோரு வருஷமாக அந்தப் பெயர் அவர்கள் வீட்டில் புழங்கியதில்லை. ஹல்லில் சவ அடக்கம் முடிந்த மறுவாரமே அக்கம்பக்கத்தார் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

மாடிக்கு வந்ததும் வெடித்தார். "முன்னப்பின்ன தெரியாத பொம்பளகிட்ட அதைச் சொல்லணுமா? அதையெல்லாம் விட்டுட்டுத்தானே ஊர் ஊரா வீடு தேடறோம்?"

"நீ விட்டுட்டு வந்திருக்கலாம். நான் அவனக் கூட்டிக்கிட்டுதான் வந்தேன், கிளைவ். தவீராவுக்கும் அவன் வந்தான். உனக்குத்தான் தெரியல." காலிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு இந்த ஊரு போதும். நீ தவீராவுக்குப் போறதுன்னா போ."

நாற்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் 'நீ போ' என்று சொன்னது இதுதான் முதல்முறை. கிளைவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

வியாழன் மதியம் வரைக்கும் இருவருக்கும் பேச்சில்லை. கிளைவ் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து வார்னா நகரத்துக்குப் போய்வரும் வண்டிகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டியாவது தாமதமாக வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. எரிச்சலோடு மேடேறி வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். மீசைக்காரருக்குப் பக்கத்தில் புதுத்தாள் ஒன்று. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கெரத் சிரித்தான். அந்தப் படம் நோரீனிடம் இருந்ததே அவருக்குத் தெரியாது.

கிழிப்பதற்குத்தான் கையை ஓங்கினார். அதற்குள் மீன் பையோடு வந்த கிழவர் ஒருவர் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்நியப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். "கா… ரெ… த்." படத்தைக் காட்டினார், பிறகு கிளைவைக் காட்டினார்.

"என் பையன்," என்றார் கிளைவ் ஆங்கிலத்தில்.

கிழவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் நகராமல் நின்றார். அப்படி நின்றதுதான் கிளைவை உடைத்துப்போட்டது.

"மோட்டார் சைக்கிள் வேணாம்னு அவ தலபாடா அடிச்சிக்கிட்டா. நான்தான் அவளுக்குத் தெரியாம வாங்கிக் குடுத்தேன். பதினேழு நாள்தான் ஓட்டினான்." யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தார். மாடி ஜன்னல் திறந்திருந்தது. நோரீன் அங்கே நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ.

கடற்காற்று தூக்கியடித்ததில் தாளின் மேல் ஓரம் பிய்ந்து படபடத்தது. கிளைவ் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். கிழவர் மீன் பையைத் தரையில் வைத்துவிட்டு மறுமூலையைப் பிடித்துக்கொண்டார். மாடிப்படியில் யாரோ மெதுவாக இறங்கி வரும் சத்தம் கேட்டது.