அலமாரி மேல் ஒரு எவர்சில்வர் டப்பா

1

இந்தக் கதை என் யோசனையல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் கணவர் கேட்டதால் எழுதுகிறேன். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். என் கதைகளில் ஒன்றைக்கூடப் படித்தவரில்லை. "இன்னும் பேனாவ வச்சு விளையாடிட்டுத்தான் இருக்கியா மாப்ளே" என்று எப்போதாவது சீண்டுவதோடு சரி. அப்படிப்பட்டவர் போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"நடந்ததை எழுதிடு. எழுதிட்டு, நான் செஞ்சது சரியா தப்பான்னு அதுலயே சொல்லிடு. உங்க அக்கா தப்பில்லைங்கறா, ஐயாவும் தப்பில்லைங்கறாரு. எனக்குத்தான் சோறு இறங்க மாட்டேங்குது."

ஐயா என்பது அவர்கள் சபையின் போதகர். எனக்கும் அதே சபைதான், கடைசி வரிசை. என் விசுவாசத்தைப் பற்றி இதற்குமேல் கேட்காதீர்கள்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அன்று மாலை வானம் இருண்டு…" (இல்லை. அன்று நல்ல வெயில். துக்கம் வந்தால் மழையும் வரவேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.)

"அத்தான் மிகவும் நல்லவர்…" (உண்மைதான். ஆனால் ஒருவரை நல்லவர் என்று தொடங்கினாலே, ஏதோ செய்துவிட்டார் என்று நீங்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்வீர்கள்.)

மூன்றாவது கொஞ்சம் பழைய நாட்களிலிருந்து தொடங்குகிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

போன் அடித்தால் எழுந்து ஓடுகிறவராக இருந்தார் அத்தான். மகளின் பிறந்தநாளில் கேக் வெட்டும்போது ஓடினார். எங்கள் அப்பாவை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக ஏதோ ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் போனார். அக்கா பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பிறகு சபையில் ஒரு முகாம் நடந்தது. வாழ்க்கையில் முதலில் தேவன், அடுத்தது வீடு, அதற்குப் பிறகுதான் வேலை என்று ஐயா போதித்தார். எல்லோரும் தலையாட்டிவிட்டு வந்தோம். அத்தான் மட்டும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். எந்த ஒயர் எதற்கு முன்னால் என்று வரைபடத்தில் போட்டிருந்தால் அதை மாற்றிப் பழக்கமில்லாத மனிதர்.

புதன்கிழமை மாலைகளில் வேலை வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் போராடி வாங்கினார். அன்று அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். டப்பா அவருடைய ஏற்பாடுதான். வருகிறவர்கள் எல்லோருடைய போனும் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவுக்குள் போகும். மூடியை அழுத்தி அலமாரி மேல் வைத்துவிடுவார். ஆமென் சொல்லி முடியும்வரை யாரும் தொடக்கூடாது.

(இதையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் நான் ஏமாற்றுக்காரன்: அதன்பிறகு அந்த வீடு மாறியது. அத்தான் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பல வருஷம் கழித்துக் கேட்டேன்.)

3

அந்தப் புதன்கிழமை அவருக்குப் பதில் வேலை பார்க்கவேண்டியவருக்குக் காய்ச்சல். அவசர அழைப்புகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் சூப்பர்வைசர். அத்தான் சரி என்றார். ஒரு மணி நேரத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்ததாக என்னிடம் சொன்னார். போனை எடுத்து மற்றவர்களுடையதைப்போலவே சத்தத்தை நிறுத்தி டப்பாவில் போட்டார்.

ஜெபத்தின் நடுவில் டப்பா அதிர ஆரம்பித்தது. எவர்சில்வர் அல்லவா, கடகடவென்று சத்தம். ஐயா கண்ணை மூடியபடியே, "பிசாசு மணியடிக்கிறான். யாரும் கதவத் திறந்துடாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

பிறகு ஐயா, வாழ்க்கையின் வரிசையை எப்படி மாற்றினீர்கள் என்று சாட்சி சொல்லச் சொன்னார். அத்தான் எழுந்து பேசினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை என்கிறாள் அக்கா. பேசிக்கொண்டிருக்கும்போது டப்பா மறுபடியும் அதிர்ந்தது. அவர் அதைக் கையால் காட்டி, "முன்னாடி நான் இதுக்கு அடிமை" என்றார். கூட்டம் வழக்கத்தைவிட நீண்டது.

அழைத்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன். நான்காம் மாடியில் தனியாக இருந்த ரிடையர்டு டீச்சர் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைப்புக்காரர். மருந்து வீட்டுக்குள் இருந்தது. கம்பெனியின் இன்னொரு மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தார். கடைசியில் தீயணைப்பு வண்டிதான் வந்தது. அவர்கள் கதவை நெம்பித் திறந்தபோது டீச்சருக்கு உயிர் இல்லை.

(லிஃப்டின் உள்ளே நடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஒரு வரைவில் அவரும் உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்ததாக எழுதினேன். இங்கே ஒரு ஜெபம், அங்கே ஒரு ஜெபம். படிக்க அழகாக இருந்தது. அழித்துவிட்டேன். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்றுகூட எனக்குத் தெரியாது. என் கதை அழகாக வேண்டும் என்பதற்காக மூச்சு முட்டுகிற ஒருவரை முழங்காலில் நிற்கவைத்தேன்.)

4

ஐயாவை வில்லனாக்கிப் பார்த்தேன். குரலில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும், நீங்கள் அவரை வெறுத்துவிடுவீர்கள். எனக்கும் வேலை சுலபம். ஆனால் செய்தி தெரிந்ததும் முதலில் ஓடிவந்தவர் அவர்தான். அத்தானுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"ஆண்டவருக்குன்னு குடுத்த நேரம் அது. நீங்க வேணும்னு செய்யல. எல்லாம் அவர் சித்தம்."

"அந்த டீச்சருக்கும் இதுதான் சித்தமா ஐயா?"

ஐயா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா அடுக்களையிலிருந்து வந்து, "ஒரு மணி நேரம் கர்த்தருக்குக் குடுத்தது தப்பாங்க? நமக்கு வீடு திரும்பக் கிடைச்சது அதனாலதானே?" என்றாள்.

அத்தான் அவளைப் பார்த்தார். "அதான். கிடைச்சது நமக்கு. போனது அவங்களுக்கு."

5

முடிவுகள்.

அத்தான் வேலையை விடுகிறார். (விட்டால்? டீச்சர் வரப்போகிறாரா?)

அத்தான் சபையை விடுகிறார். (அவரிடமே கேட்டேன். "வேற யார்கிட்டப் போய் இதச் சொல்றது" என்றார். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் முதல் வார்த்தையே வருவதில்லையாம்.)

மூன்றாவது முடிவில் நான் எல்லாவற்றையும் மாற்றினேன். கதை என்னுடையதுதானே. டப்பா அதிர்கிறது. ஐயா வேடிக்கையாக ஏதோ சொல்கிறார். அத்தான் சிரிக்காமல் எழுந்து மூடியைத் திறக்கிறார், பைக்கை எடுக்கிறார், லிஃப்டைத் திறக்கிறார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. அத்தான் வீடு திரும்புகிறார், கூட்டம் கலைந்துவிட்டது, அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஓர் உயிரைக் காப்பாற்றினோம் என்றே அவருக்குத் தெரியாது. எப்போதும்போல ஒரு லிஃப்ட், அவ்வளவுதான். இரண்டாம் இடத்துக்குத் தேவனைத் தள்ளிவிட்டேனே என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அழுது மன்னிப்புக் கேட்கிறார். நாங்கள் எல்லோரும் அவருக்காக ஜெபிக்கிறோம்.

எழுதிவிட்டுப் பயந்துபோனேன். சரியானதைச் செய்திருந்தாலும் தப்பு என்றுதான் அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கும். இதற்கு யாரிடம் முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வரிசையில் இருக்கிற எனக்கே இவ்வளவு பயம் என்றால், முன் வரிசையில் இருந்தவர் கதி என்ன?

6

இன்று அத்தான் வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். இதுவரை நீங்கள் படித்ததை எல்லாம் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். சரியா தப்பா என்ற பதில் அதில் இல்லை என்பதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது முடிவிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"வெளிய வந்ததும் அவங்க என்ன சொல்றாங்க?"

"யாரு?"

"டீச்சர். சும்மா சுவத்தப் பிடிச்சுட்டு வர்றாங்கன்னு விட்டுட்டியே."

"என்ன சொல்வாங்க. இவ்வளவு நேரம் எங்க போனீங்கன்னு திட்டுவாங்க."

அத்தான் முகத்தில் ஏதோ அசைந்தது. அதை ஆசை என்றுதான் சொல்லவேண்டும்.

"அத எழுது மாப்ளே. நல்லாத் திட்டச் சொல்லு. டீச்சர்தானே, நிறையத் திட்டட்டும்."

பேனாவை எடுத்தேன். "ஏம்ப்பா, நீயெல்லாம்…" என்று தொடங்கினேன். "மனுஷ உயிர்னா உனக்கு…" என்று எழுதினேன். "எத்தனை தடவை கூப்பிட…" அந்த அம்மாவின் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுதியதெல்லாம் என் குரலாகவே இருந்தது. என் குரல் அத்தானுக்கு எதற்கு?

இதை நீங்கள் படிக்கும்போதும் அவர் எனக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால், தயவுசெய்து, இரக்கப்படாமல் எழுதுங்கள்.